மேப் சொல்லுது, வண்டி போகுது: ஜிபிஎஸ்ஸை அளவுக்கு மீறி நம்புறோமா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் கேள்வி ரொம்பச் சாதாரணமானது. வண்டி ஓட்டும்போது நாம ஜிபிஎஸ்ஸை அளவுக்கு மீறி நம்புறோமா?

இதைக் கேட்டதும் வீட்டுப் பெரியவங்க, "நாங்கல்லாம் வாயால வழி கேட்டே காசி வரைக்கும் போயிட்டு வந்தோம்"னு ஆரம்பிப்பாங்க. நம்ம வயசு ஆளுங்க, "மேப் இல்லாம நான் தெருமுனையையே தாண்ட மாட்டேன்"னு சொல்லிச் சிரிப்பாங்க. பேச்சு அதோட முடிஞ்சிடும். கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்க்கலாம்னு எனக்குத் தோணுச்சு. அதுக்கு ஸ்ரீரங்கத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஏன்னா அந்த ஊர் தெருக்களே ஒரு மேப்தான்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற தீவு. ரங்கநாதர் கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள், ஏழு பிராகாரங்கள். வெளிப் பிராகாரங்கள்ல ஜனங்க குடியிருக்காங்க. வீடு, கடை, மெஸ், பள்ளிக்கூடம், ஸ்கூட்டர், மாடு எல்லாம் மதிலுக்குள்ளதான். உள்ளிருந்து வெளியே வந்தா முதல்ல உத்தர வீதி, அடுத்து சித்திரை வீதி, அதுக்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி. ஒவ்வொரு வீதியும் கோயிலைச் செவ்வகமாகச் சுற்றி வருது. அதனால ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், நாலு பேர். சித்திரை வீதியை எடுத்துக்கிட்டா கீழச் சித்திரை வீதி, மேலச் சித்திரை வீதி, வடக்குச் சித்திரை வீதி, தெற்குச் சித்திரை வீதி. கீழன்னா கிழக்கு, மேலன்னா மேற்கு. வெளியூர்ல இருந்து வர்ற பசங்க "மேல"ன்னா மேடான இடம்னு நினைச்சு முழிக்கிறதை நான் பார்த்திருக்கேன்.

இப்ப யாராவது "எங்க வீடு வடக்கு உத்தர வீதி"ன்னு சொன்னா, அந்தப் பேருக்குள்ளேயே வழி இருக்கு. கோயிலுக்கு வடக்குப் பக்கம், உள்ளிருந்து எண்ணினா முதல் குடியிருப்பு வீதி. பள்ளிக்கூடத்துல எக்ஸ் அச்சு, ஒய் அச்சுன்னு கிராஃப் போட்டோமே, அதே கதைதான். மூலஸ்தானத்தைப் பூஜ்ஜியமா வச்சு ஊர் முழுக்க எண் கொடுத்த மாதிரி. செயற்கைக்கோள் வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இங்க ஆயத்தொலைவு முறை இருந்திருக்குன்னு பெருமையாச் சொல்லிக்கலாம். கொஞ்சம் மிகைதான், ஆனா ரொம்பத் தப்பில்ல.

அப்படிப்பட்ட ஊருக்குள்ள கார்ல நுழையும்போது போன் என்ன சொல்லுது? "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."

இடது, வலது என்பது நாம எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதுக்குக் கோயில் எங்க இருக்குன்னு தெரிய வேண்டாம், ஆறு எங்க இருக்குன்னு தெரிய வேண்டாம். சித்திரைத் தேர் இந்த வீதிகள்ல பிரதட்சிணமா வருது, அதாவது ஒவ்வொரு முனையிலயும் வலது பக்கம் திரும்பும். இதை ஒரு ஆப் சொன்னா, "வலதுபுறம் திரும்பவும்" என்பதை நாலு தடவை சொல்லி, கடைசியில "சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்"னு கிளம்பின இடத்துலயே விட்டிடும். ஒவ்வொரு வாக்கியமும் சரி. கேட்டவருக்கு ஊர் மட்டும் புரிஞ்சிருக்காது.

இது வெறும் பேச்சு வழக்கு வித்தியாசம்னு நினைக்கலாம். மொழியியலாளர்கள் அப்படி விடல. 1990-கள்ல எரிக் பெடர்சன்னு ஒரு ஆய்வாளர் தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ் பேசறவங்க திசையை எப்படிச் சொல்றாங்கன்னு பார்த்தார். ஒரே தமிழ்தான். ஆனா கிராமத்து ஆளுங்க பெரும்பாலும் "வடக்கால நகர்த்து", "கிழக்கால வை"ன்னு பேசினாங்க. நகரத்து ஆளுங்க "இடது பக்கம், வலது பக்கம்"னு பேசினாங்க. அடுத்து பேச்சே தேவைப்படாத ஒரு சோதனை. மேசைமேல சில பொம்மைகளை ஒரு வரிசையில வச்சுக் காட்டி, ஆளைத் திருப்பி எதிர்ப்பக்கம் இருக்கிற இன்னொரு மேசைல "அதே மாதிரி அடுக்குங்க"ன்னு சொல்றது. திசையில பேசறவங்க வடக்கு வடக்காவே இருக்கிற மாதிரி அடுக்கும் பக்கம் சாய்ஞ்சாங்க. இடது-வலதுல பேசறவங்க, இடது இடதாகவே இருக்கிற மாதிரி. பேசற பழக்கமும் இடத்தை மனசுல வச்சுக்கிற விதமும் கைகோத்துப் போகுதுன்னு அந்த ஆய்வு சொல்லுது. நம்ம தாத்தா சாப்பாட்டு இலையில "கிழக்கால உப்பு வை"ன்னு சொன்னதை நாம கிண்டல் பண்ணியிருப்போம். அவர் மனசுக்குள்ள எப்பவும் ஒரு திசைகாட்டி ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

அதனால இந்த எபிசோட்ல என் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். போன்கிட்ட நாம எந்த வேலையை எல்லாம் ஒப்படைச்சிருக்கோம்?

முதல்ல, ஜிபிஎஸ்னு நாம மொத்தமா சொல்றதுக்குள்ள மூணு வெவ்வேறு சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு நிஜமான ஜிபிஎஸ். பூமியில இருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள். போன் அதுங்களோட பேசறதில்ல, அதுங்க சொல்ற நேரத்தைக் கேட்டுக்குது, அவ்வளவுதான். குறைஞ்சது நாலு செயற்கைக்கோளோட சிக்னல் கிடைச்சா, ஒவ்வொண்ணும் வந்து சேர எடுத்த நேரத்தை வச்சு நாம எங்க இருக்கோம்னு கணக்குப் போட்டிடும். திறந்த வெளியில ஒரு சாதாரண போன் சுமார் 5 மீட்டர் துல்லியத்துல சொல்லும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேணும்னே கெடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தது. அதை நிறுத்தின பிறகுதான் காருக்கு வழி சொல்ற அளவுக்கு இது உருப்படியாச்சு.

இரண்டாவது மேப், அதாவது எந்த இடத்துல ரோடு இருக்கு, எது ஒருவழி, எது பாலம் என்கிற தகவல் கிடங்கு. மூணாவது, அந்தக் கிடங்கை வச்சு "இந்த வழியா போ"ன்னு தேர்ந்தெடுக்கிற கணக்கு. செய்தியில "ஜிபிஎஸ் ஏமாத்திடுச்சு"ன்னு படிக்கும்போது, பெரும்பாலும் செயற்கைக்கோள் சரியாத்தான் சொல்லியிருக்கும். நீங்க ஆத்தோரம் நிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியும். ஆத்துல பாலம் இருக்கா இல்லையாங்கிறதுதான் தப்பாப் போயிருக்கும்.

ஸ்ரீரங்கத்துல இந்த மூணும் எங்க தடுமாறும்னு பாருங்க. ஒரு பிராகாரத்து வீட்டுக்குப் பின்னாடி மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த பிராகாரம். உயரமான மதில், நெருக்கமான வீடு, கோபுரம்னு சிக்னல் மோதித் தெறிக்கிற இடத்துல, 5 மீட்டர் துல்லியம் 15 ஆகலாம், 20 ஆகலாம். அந்த நீலப் புள்ளி மதிலைத் தாண்டி அடுத்த தெருவுல போய் உக்காந்துக்கும். அதோட ஆப் இன்னொரு வேலை செய்யும்: புள்ளி வீட்டு மாடியில விழுந்தா அழகா இருக்காதுன்னு பக்கத்துல எந்த ரோடு இருக்கோ அதுமேல இழுத்து ஒட்ட வச்சிடும். பக்கத்து ரோடு தப்பான ரோடா இருந்தா, தப்பு ரொம்ப நேர்த்தியாத் தெரியும். "இன்னும் 30 மீட்டர்"னு சொல்லும். நேர்க்கோட்டுல 30 மீட்டர்தான். நடுவுல மதில் நிக்குது. அது எங்க திறக்குதோ அங்க போய்ச் சுத்தித்தான் வரணும்.

உணவு டெலிவரி பண்ற தம்பிகள் இங்க போனை ஒரு கையில வச்சுக்கிட்டு, "அண்ணா, இந்த அட்ரஸ் மதிலுக்கு உள்ளயா வெளியயா?"ன்னு கேட்பாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் அது ரொம்பப் புத்திசாலித்தனமான கேள்வி. மேப் தன்னால பதில் சொல்ல முடியாத ஒரே விஷயத்தை மட்டும் மனுஷங்ககிட்ட கேக்கிறாங்க.

அடுத்தது ரோட்டோட அகலம். ஒரு சந்துல மொபெட் போகும், ஆட்டோ போகும், இன்னோவா போகாது. மேப்புக்கு மூணுமே ஒரு கோடுதான். கூகுளுக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். 2024 ஜூலையில, இந்தியாவுல நான்கு சக்கர வண்டிகளைக் குறுகலான ரோடுகள்ல இருந்து தவிர்க்கிற வசதியை அறிவிச்சாங்க. செயற்கைக்கோள் படம், தெருப் படம் எல்லாம் வச்சு ரோட்டு அகலத்தைக் கணிக்கிற முறை. முதல்ல எட்டு நகரங்கள்ல தொடங்கினாங்க. தமிழ்நாட்டுல சென்னையும் கோவையும் இருந்தது. திருச்சி அந்தப் பட்டியல்ல இல்ல. திருச்சிக்காரங்க கோவையைப் பார்த்து விடற பெருமூச்சுல இதையும் சேர்த்துக்கலாம்.

அதே 2024 ஜனவரியில, நீலகிரி மாவட்டம் கூடலூர்ல நடந்ததை நீங்க வீடியோவா பார்த்திருப்பீங்க. விடுமுறைக்கு வந்துட்டு கர்நாடகாவுக்குத் திரும்பின ஒரு கூட்டம், மேப் காட்டின சீக்கிர வழியில போய், எஸ்யூவியைப் படிக்கட்டுல இறக்கிட்டாங்க. மலை ஊர்கள்ல ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவுல படிக்கட்டு இருக்கிறது சகஜம். மேல இருந்து எடுத்த படத்துல அதுவும் ரோடு மாதிரிதான் தெரியும். போலீஸும் அக்கம்பக்கத்து ஆளுங்களும் சேர்ந்து வண்டியை மீட்டாங்க. யாருக்கும் காயம் இல்ல. அதனால எல்லாரும் சிரிச்சோம்.

சிரிக்க முடியாத சம்பவங்களும் இருக்கு. 2023 அக்டோபர் 1, நள்ளிரவு தாண்டின நேரம். எறணாகுளம் மாவட்டம் கோதுருத்துல, கொட்டற மழையில ஒரு கார் நேரா பெரியாறு ஆத்துக்குள்ள போயிடுச்சு. ஐந்து பேர்ல இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தாங்க. மேப் பார்த்துத்தான் வந்தோம்னு உயிர் பிழைச்ச ஒருத்தர் சொன்னார். ஆனா தான் ஓட்டலைங்கிறதால, தப்பு ஆப்போடதா மனுஷனோடதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னும் சொன்னார். நண்பர்களை இழந்த நிலைமையிலயும் அவ்வளவு நிதானமாப் பேசினது என் மனசுல நின்னுடுச்சு. செய்தித் தலைப்புகள்ல அந்த நிதானம் இல்ல. அடுத்த வருஷம் மே மாசம், கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறை பக்கத்துல ஹைதராபாத்ல இருந்து வந்த சுற்றுலாக் குழுவோட கார் ஒரு ஓடையில இறங்கிடுச்சு. நல்லவேளை, எல்லாரும் தப்பிச்சாங்க. மழைக்காலத்துல ரோடும் தண்ணியும் ஒரே மாதிரி தெரியும், இராத்திரின்னா கேக்கவே வேண்டாம். காவிரிக் கரை ஆளுங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பெரிய அதிர்ச்சி 2024 நவம்பர் 24. உத்தரப் பிரதேசத்துல பரேலி பக்கம், ராம்கங்கா ஆத்துமேல ஒரு பாலம். முன்னாடி வந்த வெள்ளத்துல அதோட ஒரு பகுதி அடிச்சிக்கிட்டுப் போயிருந்தது. மேப்ல பாலம் முழுசா இருந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பின மூணு பேர் காரோட கீழே விழுந்து இறந்தாங்க. பாலத்து முனையில ஒழுங்கான தடுப்பு இல்ல, எச்சரிக்கைப் பலகை இல்ல. போலீஸ் போட்ட வழக்குல பொதுப்பணித் துறை பொறியாளர்களோட, கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருத்தரும் சேர்க்கப்பட்டார்.

இதுல யார் மேல தப்பு? என் கருத்தைச் சொல்லிடறேன். முதல் பொறுப்பு, இடிஞ்ச பாலத்தைத் திறந்து போட்டவங்களோடது. மேப் வர்றதுக்கு முன்னாடியும் அந்த ரோட்டுல வெளியூர்க்காரன் இருட்டுல வந்திருந்தா விழுந்திருப்பான். நாலு மண்மேடும் ஒரு சிவப்பு விளக்கும் போட அரசாங்கத்துக்குச் செயற்கைக்கோள் தேவையில்ல. இரண்டாவது பொறுப்பு மேப் நிறுவனத்தோடது. கோடிக்கணக்கான ஆட்களுக்கு வழி சொல்லி அதுல தொழில் நடத்தறவங்க, ஆத்துப்பாலம் மாதிரி இடங்களை மத்த ரோட்டைவிட அடிக்கடி சரிபார்க்கணும்னு எதிர்பார்க்கிறது நியாயம். ஓட்டினவர்கிட்ட நான் கடைசியாத்தான் வருவேன். "கண்ணு தெரியாதா"ன்னு கேக்கிறது சுலபம். எண்பது கிலோமீட்டர் வேகத்துல, விடியாத இருட்டுல, இருக்கிற ரோடு திடீர்னு இல்லாமப் போகும்னு யார் எதிர்பார்ப்பா?

நம்ம ஊர்லயும் இதுக்கு ஒரு இணை உண்டு. 1928-ல கட்டின பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல தூண்கள் சரிஞ்சு உடைஞ்சு விழுந்தது. யாருக்கும் எதுவும் ஆகல. ஏன்? பக்கத்துல புதுப் பாலம் வந்து, பழையதுல முன்கூட்டியே போக்குவரத்தை நிறுத்தியிருந்தாங்க. அந்த உயிர்களைக் காப்பாத்தினது எந்த ஆப்பும் இல்ல.

சரி, ரோடு மூடினது ஆப்புக்கு எப்படித்தான் தெரியும்? அரசாங்கம் சொல்லணும், இல்ல யாராவது பயனர் புகார் பண்ணணும், இல்லன்னா அந்த ரோட்டுல போன்கள் நகரலங்கிறதை வச்சு அதுவே ஊகிக்கணும். போக்குவரத்து நெரிசலைச் சிவப்புக் கோடா காட்டறதும் இதே தந்திரம்தான்: நம்ம போன்களோட வேகத்தைத்தான் அது பார்க்குது. 2020-ல ஜெர்மானியக் கலைஞர் சைமன் வெக்கர்ட், 99 போன்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில போட்டு பெர்லின் தெருவுல மெதுவா இழுத்துக்கிட்டுப் போனார். காலித் தெரு மேப்புல சிவப்பாயிடுச்சு.

திருச்சியில சத்திரம் பேருந்து நிலையத்தையும் ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலையையும் இணைக்கிற காவிரிப் பாலம், 1976-ல திறந்தது. 2022 செப்டம்பர்ல பராமரிப்புக்காக மூடி, 2023 மார்ச்லதான் திறந்தாங்க. இப்படி மாசக்கணக்கில மூடினா மேப் கத்துக்கும். வைகுண்ட ஏகாதசிக்கும் தேருக்கும் போலீஸ் ஒரு நாள், இரண்டு நாள் வழி மாத்தும்போதுதான் சிக்கல். காலையில வச்ச தடுப்பு ஆப்புக்குத் தெரியறதுக்குள்ள சாயந்தரம் எடுத்திடுவாங்க. அந்த நாள்ல முந்தின நாள் பேப்பர்ல வந்த போக்குவரத்து அறிவிப்பும், முக்குல நிக்கிற ஆட்டோ அண்ணனும்தான் துல்லியமான மேப். ஒரு தடவை ராஜகோபுரம் பக்கத்துல ஆட்டோக்காரர் ஒருத்தர்கிட்ட, "நீங்க மேப் பார்ப்பீங்களா?"ன்னு கேட்டேன். "தம்பி, தில்லைநகர் தாண்டினா பாப்பேன். இங்க பாத்தா அதுதான் குழம்பும்"னார்.

அந்த ஆட்டோ அண்ணன் தலைக்குள்ள என்ன இருக்கு என்பதுதான் அடுத்த விஷயம். லண்டன்ல கறுப்பு டாக்ஸி ஓட்டணும்னா, நகர மையத்துல இருந்து ஆறு மைல் சுற்றளவுல இருக்கிற சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமா தெரிஞ்சு வச்சிருக்கணும். அதுக்கு "தி நாலெட்ஜ்"னு பேர், படிக்க மூணு நாலு வருஷம் ஆகும். 2000-ல எலினார் மெக்வயர் குழு இந்த ஓட்டுநர்களோட மூளையைப் படமெடுத்தாங்க. இடத்தை நினைவு வச்சுக்கிறதுல பங்குள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியோட பின்பாகம், மத்தவங்களைவிட இவங்களுக்குப் பெருசா இருந்தது. 2011-ல அதே குழு, படிக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்துப் பார்த்து, பயிற்சி முடிச்சுத் தேறினவங்களுக்குத்தான் அந்த வளர்ச்சின்னு காட்டினாங்க.

2017-ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 24 பேரை சோஹோ தெருக்கள்ல வழி கண்டுபிடிக்க வச்சாங்க. ஸ்கேனருக்குள்ள படுத்துக்கிட்டு, திரையில வர்ற தெருவைப் பார்த்து. சொந்தமா வழி தேடும்போது, புதுசா ஒரு தெருவுல நுழையற ஒவ்வொரு தடவையும் ஹிப்போகாம்பஸ்ல சுறுசுறுப்பு எகிறுச்சு. வழி அதிகமா பிரியற தெருன்னா இன்னும் அதிகம். "இடது, வலது"ன்னு உத்தரவு கேட்டு நடந்தவங்களுக்கு அந்த எகிறலே இல்ல.

2020-ல கனடாவுல டாமானி, போபோ இரண்டு பேரும் 50 ஓட்டுநர்களை ஆராய்ஞ்சாங்க. வாழ்நாள்ல ஜிபிஎஸ் அதிகம் பயன்படுத்தினவங்க, அது இல்லாம வழி கண்டுபிடிக்கும்போது பின்தங்கினாங்க. மூணு வருஷம் கழிச்சு அதுல 13 பேரை மறுபடி சோதிச்சப்போ, நடுவுல அதிகமா பயன்படுத்தினவங்களுக்கு இட நினைவு வேகமாச் சரிஞ்சிருந்தது. 13 பேர்தான், அதை மறந்துடாதீங்க. "ஜிபிஎஸ் மூளையை அழிக்கும்"னு வாட்ஸப்புல வந்தா அதுக்கு இது ஆதாரம் ஆகாது. இன்னொண்ணு, 2024 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. அமெரிக்க இறப்புப் பதிவுகளைத் தொழில்வாரியாப் பார்த்தா, டாக்ஸி ஓட்டுநர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் மத்தியில அல்சைமர் நோயால இறந்தவங்க விகிதம் ரொம்பக் குறைவு. ஒரே வழியில தினமும் போற பஸ் ஓட்டுநர்கள்ட்ட அந்த வித்தியாசம் தெரியல. காரணம் இதுதான்னு ஆய்வாளர்களே உறுதியாச் சொல்லல. ஆனா பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் நடுவுல இருக்கிற அந்த வித்தியாசம் யோசிக்க வைக்குது, இல்லையா? வழியைத் தேர்ந்தெடுக்கிற வேலைதான் அது.

இவ்வளவு சொல்லிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாம விட்டா நானும் காசி தாத்தா மாதிரி ஆயிடுவேன்.

"வழி கேட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு ஆம்பளைங்க சுலபமாச் சொல்லிடுவோம். இராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டில தனியா வர்ற ஒரு பொண்ணு, முக்குல நிக்கிற நாலு பேர்கிட்ட "இந்த அட்ரஸ் எங்க?"ன்னு கேக்கணுமா? எங்க தங்கியிருக்கான்னு நாலு பேருக்குத் தெரியணுமா? என் தங்கச்சி சொல்றா, மேப் வந்த பிறகுதான் திருச்சி தனக்குச் சொந்த ஊர் ஆச்சுன்னு. அதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சது காலேஜ் பஸ் போற ரூட் மட்டும்தான்.

தொழில் விஷயமும் அப்படித்தான். முசிறியில இருந்தோ மணப்பாறையில இருந்தோ வர்ற ஒரு இளைஞன், லைசென்சும் ஒரு போனும் இருந்தா முதல் நாளே நகரத்துல வண்டி ஓட்டிச் சம்பாதிக்கலாம். ஊர் அறிவு ஸ்டாண்டுல இருக்கிற சிலரோட சொத்தா இருந்த காலத்துல அது நடக்காது. ஆனா அதே ஆப் அவனைக் கட்டியும் போடுது. காட்டின ரூட்டை விட்டு விலகினா பின்சீட்டுல இருக்கிறவர், "ஏன் மேப் வேற வழி காட்டுது?"ன்னு சந்தேகமாக் கேப்பார். அப்படிக் கேக்கிறவங்க நாமதான். அவனுக்கு நல்ல குறுக்கு வழி தெரிஞ்சாலும், அதுல போய் வம்பை விலைக்கு வாங்க மாட்டான். ஓட்டுநர்கள் மேப்பை அதிகம் நம்புறாங்கன்னு குறை சொல்றதுக்கு முன்னாடி, பயணிகளா நாம அவங்களை எவ்வளவு நம்புறோம்னும் கேட்டுக்கணும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. 2020 அக்டோபர்ல அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, கைபேசியை வழி பார்க்கிறதுக்கு மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டறவரோட கவனம் சிதறாத விதத்துல. ஹேண்டில்பார்ல ஹோல்டர் போட்டா ஓகே. கைல பிடிச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால ஓட்டினா ஓகே இல்ல.

நான் என்ன பண்றேன்? கிளம்பறதுக்கு முன்னாடி மொத்த வழியையும் ஒரு தடவை விரல்ல தள்ளிப் பார்ப்பேன்: எந்த ஆத்தைத் தாண்டறேன், எந்தப் பாலம், எது நெடுஞ்சாலை. திரையை எப்பவும் வடக்கு மேல இருக்கிற மாதிரி வைப்பேன். மேப்ல இருக்கிற அந்தச் சின்னத் திசைகாட்டியைத் தட்டினா அப்படி நிக்கும். முதல் இரண்டு நாள் தலை சுத்தும், அப்புறம் நாம தெற்கே போறோமா கிழக்கே போறோமான்னு தானாத் தெரிய ஆரம்பிக்கும். மழை நாள்ல, இராத்திரியில, தெரியாத ஊர்ல, "8 நிமிடம் குறைவு"ன்னு ஒரு கிராமத்துக் குறுக்கு வழி காட்டினா அந்த எட்டு நிமிஷத்தை நான் வாங்கிக்கிறதில்ல. கடைசி ஒரு கிலோமீட்டர்ல குரலை நிறுத்திடுவேன். ஸ்ரீரங்கத்துல தெற்கே ராஜகோபுரம் தெரியும், 236 அடி, 13 நிலை, 1987-ல கட்டி முடிச்சது. கிழக்கே வெள்ளைக் கோபுரம். இந்த இரண்டும் எந்தப் பக்கம் இருக்குன்னு கவனிச்சாலே, நாம எந்த வீதியோட எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிடலாம்.

அடையாளம் வச்சு வழி சொல்றது நம்ம பழக்கம்னு கூகுளுக்கே புரிஞ்சிருக்கு. 2009-லயே இந்தியாவுக்கான வழிகாட்டுதல்ல "பெட்ரோல் பங்கைத் தாண்டி" மாதிரி அடையாளங்களைச் சேர்த்தாங்க. தெருப் பேரை மட்டும் சொன்னா இந்தியர்களுக்குப் பயன்படாதுன்னு அவங்க ஆட்கள் இங்க வந்து தெரிஞ்சுக்கிட்டுப் போனதோட விளைவு அது. ஆனா நம்ம ஆளுங்க இன்னும் ஒரு படி மேல. கொள்ளிடத்துக்கு வடக்கே "நம்பர் 1 டோல்கேட்"னு ஒரு இடம் இருக்கு. ஊருக்குள்ள "டிவிஎஸ் டோல்கேட்"னு இன்னொண்ணு. இரண்டு இடத்துலயும் நின்னு பாருங்க, டோல்கேட் இருக்காது. இல்லாத கேட்டை வச்சுத்தான் இன்னைக்கும் பஸ்ல டிக்கெட் கேக்கறோம், யாரும் வழி தவறினதில்ல.

உங்க ஊர்லயும் இப்படி, பேர் மட்டும் மிச்சம் இருக்கிற இடம் இருந்தா ஒரு நிமிஷக் குரல் பதிவா அனுப்புங்க. மேப்ல அந்த இடத்துக்கு என்ன பேர் போட்டிருக்காங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் அதையெல்லாம் கேட்கலாம்.